முப்பது மைல் ரோட்ல ஸ்பீட் கன்னோட நிக்கிற பெரியவங்க: இவங்களுக்கு அப்படி என்ன அதிகாரம்?

போன மாசம் ஃப்ரெண்ட் ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒரு லெட்டரை ஃபோட்டோ எடுத்து அனுப்பினான். இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது அவனுக்கு. லெட்டர்ல மேல போலீஸ் முத்திரை, கீழ அவன் கார் நம்பர், தேதி, நேரம், ஏதோ ஒரு கிராமத்து ரோடு பேரு, மணிக்கு 30 மைல் லிமிட் இருக்கிற இடத்துல 38-ல போயிருக்கீங்கன்னு ஒரு வரி. "மச்சி எவ்ளோ ஃபைன், லைசென்ஸ்ல எத்தனை பாயிண்ட், இன்சூரன்ஸ் ஏறிடுமாடா"ன்னு ஒரே மூச்சுல மூணு கேள்வி. மூணுக்கும் பதில் ஒண்ணுதான், ஒண்ணும் கிடையாது. அது ஃபைன் நோட்டீஸே இல்ல. அந்த ஊர்க்காரங்க மூணு நாலு பேர், பெரும்பாலும் ரிட்டயர் ஆனவங்களா இருக்கும், பளிச்சுன்னு மஞ்சள் ஜாக்கெட் போட்டுகிட்டு ரோட்டோரம் நின்னு அவன் நம்பரை எழுதி அனுப்பியிருக்காங்க, அவ்வளவுதான்.

"அப்ப கிழிச்சு போட்டுடவா?"ன்னான். கிழிக்கறதுன்னா கிழிச்சுக்கோ, ஆனா அது என்னன்னு தெரிஞ்சுகிட்டு கிழின்னு சொல்லி அன்னைக்கு ராத்திரி நான் டைப் பண்ணி அனுப்பினதோட பெரிய வடிவம்தான் இது.

இதுக்குப் பேரு கம்யூனிட்டி ஸ்பீட்வாட்ச். இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் கிராமங்கள்ல, சின்ன டவுன்கள்ல நடக்குற விஷயம். போலீஸே ட்ரெயினிங் குடுத்து, எந்த இடத்துல நிக்கலாம்னு போலீஸே பார்த்து ஓகே பண்ணி, ஊர்க்காரங்க சம்பளம் இல்லாம போய் நின்னு வேகத்தை அளந்து குறிச்சு அனுப்புவாங்க. வண்டியை நிறுத்த அதிகாரம் கிடையாது, ஃபைன் போட அதிகாரம் கிடையாது, கையைக் காட்டி மெதுவா போன்னு சொல்லக்கூட கூடாது. நின்னு பார்க்கலாம், எழுதலாம். கேக்கறப்ப சிரிப்பா இருக்கும், எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு.

ஏன் கிராமத்துல இந்தப் பிரச்சினைன்னு புரியணும்னா அங்க இருக்கிற ரோட்டைப் பார்க்கணும். நம்ம நினைக்கிற மாதிரி கிராமம்னா மெயின் ரோட்ல இருந்து உள்ள தள்ளி இருக்கிற இடம் இல்ல, நிறைய ஊர்கள் மெயின் ரோட்டு மேலயே உக்காந்திருக்கும். ரெண்டு டவுனை இணைக்கிற ரோடு நேரா ஊர் நடுவுல போகும், ஒரு பக்கம் சர்ச், எதிர்ல பப், அந்தாண்ட ஸ்கூல், நடைபாதை ஒரு பக்கம் மட்டும் இருக்கும், சில இடத்துல அதுவும் இருக்காது. ஊருக்கு வெளிய அதே ரோட்ல லிமிட் 60 மைல், அதாவது கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர். வயலுக்கு நடுவுல அந்த வேகத்துல வந்துகிட்டே இருக்கிற ஆளுக்கு திடீர்னு ஒரு வளைவுல 30-ன்னு போர்டு வரும். கால் பிரேக்குக்குப் போகும், ஆனா உடம்பு இன்னும் 60-லயே இருக்கும், 40-க்கு வந்தாலே நகர்ற மாதிரி தோணாது. வேணும்னே ஓட்றவங்க ஒரு பக்கம், ஆனா கிராமத்துல மாட்றதுல நிறைய பேர் இந்த ரகம்தான்னு நான் நினைக்கிறேன்.

இங்க புதுசா வந்தவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், என் ஃப்ரெண்டுக்கும் இது தெரியல. இங்கிலாந்துல தெருவிளக்கு 200 கெஜத்துக்குள்ள ஒண்ணுன்னு வரிசையா இருந்தா அது 30 மைல் ரோடு, வேற போர்டு வெச்சிருந்தா ஒழிய. அந்த மாதிரி ரோட்ல உள்ள போகப் போக 30 போர்டைத் திரும்பத் திரும்ப வெச்சு ஞாபகப்படுத்த மாட்டாங்க, விளக்கு கம்பமே போர்டு மாதிரின்னு கணக்கு. வேல்ஸ்ல 2023 செப்டம்பர் 17-ல இருந்து அந்த மாதிரி ரோட்ல 20-தான். அதை எதிர்த்து அங்க நாலரை லட்சம் பேருக்கு மேல மனு போட்டாங்க, வேகம்ங்கிறது இந்த நாட்ல எவ்வளவு சூடான விஷயம்னு இதுலயே தெரிஞ்சுக்கலாம்.

சரி 30-க்கும் 40-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? ஹைவே கோட்னு இங்க இருக்கிற ரோடு விதிப் புத்தகத்துல, லைசென்ஸ் தியரி டெஸ்ட்டுக்கு எல்லாரும் மனப்பாடம் பண்ற அந்த டேபிள்ல, 30-ல போற கார் நிக்க 23 மீட்டர் ஆகும், அதுல 9 மீட்டர் யோசிக்கிற நேரத்துல போறது, 14 பிரேக் அடிச்சு நிக்கிறது. 40-ல அது 36 மீட்டர், 12 யோசிக்க, 24 பிரேக்குக்கு. இதை வெச்சு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. ரெண்டு காரும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல குழந்தை ஓடி வர்றதைப் பார்க்குது. 30-ல வந்த கார் 23-ஆவது மீட்டர்ல நின்னுடுச்சு. 40-ல வந்த கார் அதே 23-ஆவது மீட்டர்ல பாதி பிரேக்கிங்கூட முடிக்கல, 24 மீட்டர்ல 11-தான் ஆகியிருக்கு, அப்ப அதோட வேகம் இன்னும் கிட்டத்தட்ட 29 மைல். ஒரு கார் நின்ன இடத்துல இன்னொரு கார் 29-ல இடிக்குது. பத்து மைல் கூடன்னா பத்து மைல் வேகத்துல இடிக்கும்னு நம்ம மனசு போடற கணக்கு தப்பு. அதுக்கு பதிலா அந்த 40-ல நமக்கு என்ன லாபம்னா, ஊர் அரை மைல் நீளம்னு வெச்சுகிட்டா, 15 செகண்ட்.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் கேமரா வைக்கலன்னு கேட்டா அங்கதான் கதை. ரோட்டுக்குப் பொறுப்பு கவுன்ட்டி கவுன்சில், அதாவது மாவட்ட அளவு நிர்வாகம், லிமிட் எவ்வளவுன்னு முடிவு பண்றதும் போர்டு வைக்கிறதும் அவங்க. மீறினவனைப் பிடிக்கறது போலீஸ். ஊர்க்காரங்க போய் கத்தறது பாரிஷ் கவுன்சில்ல, நம்ம ஊர் பஞ்சாயத்து மாதிரின்னு வெச்சுக்கலாம், ஆனா அவங்க கைல அதிகாரம்னு பெருசா ஒண்ணும் இல்ல, கவுன்சில் டாக்ஸோட சேர்த்து வர்ற சின்ன தொகையில பூங்கா பெஞ்ச், புல்லு வெட்டறது, சமூகக் கூடம்னு ஓடிகிட்டு இருக்கும். கேமராவுக்கு இடம் தேர்ந்தெடுக்கறப்ப முதல்ல பார்க்கறது இந்த ரோட்டுத் துண்டுல கடந்த சில வருஷத்துல எத்தனை பேர் செத்தாங்க, எத்தனை பேருக்கு பலத்த காயம்னுதான். இருக்கிற கேமராவை அதிகமா சாவு நடக்குற இடத்துல வைக்கிறது நியாயம்தான், அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா ஊர்ல இருக்கிறவங்க காதுல அது எப்படி விழும்? "அப்ப யாராவது செத்தாதான் வருவீங்களா?" ஒவ்வொரு பாரிஷ் மீட்டிங்லயும் இந்த ஒரு கேள்வி வராம இருக்காது. குழந்தையை ரோட்டைக் கடக்க விடாம கார்லயே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற அம்மா, பஸ் ஸ்டாப்புக்கு நடக்கறதையே நிறுத்திட்ட பாட்டி, இவங்க யாரும் விபத்துக் கணக்குல வரமாட்டாங்க, பயந்து ஒதுங்கினவங்களை எந்த படிவத்துலயும் எழுதறது இல்ல.

அந்த கணக்குல வராத இடத்தை நிரப்பறதுக்கு வந்ததுதான் ஸ்பீட்வாட்ச்.

இதுல ஒரு வேடிக்கையான பழைய கதை இருக்கு, சொல்லாம போக மனசு வரல. 1865 சட்டப்படி இந்த நாட்ல எஞ்சின் வண்டி ஊருக்குள்ள 2 மைல் வேகம், வெளிய 4 மைல், முன்னாடி ஒருத்தர் சிவப்புக் கொடியோட நடந்து போகணும். 1896 ஜனவரியில கென்ட் மாவட்டத்துல வால்டர் ஆர்னால்ட்னு ஒருத்தர் 8 மைல் வேகத்துல பறந்தார்னு ஒரு போலீஸ்காரர் சைக்கிள்ல துரத்திப் பிடிச்சு, வேகத்துக்கு ஒரு ஷில்லிங் ஃபைன் போட்டாங்க. அப்புறம் 14 ஆச்சு, 1903 சட்டத்துல 20 ஆச்சு, நம்பர் பிளேட்டும் அப்பதான் வந்துச்சு. போலீஸ் புதர்ல ஒளிஞ்சு ஸ்டாப்வாட்ச் வெச்சு வண்டிகளைப் பிடிக்க ஆரம்பிச்சது. அதுக்கு பதில் கொடுக்க 1905-ல ஆரம்பிச்சதுதான் ஏஏ, இன்னைக்கு வண்டி நின்னுட்டா ஃபோன் போட்டு கூப்பிடுறோமே அதே ஆட்டோமொபைல் அசோசியேஷன். அவங்க ஆட்கள் சைக்கிள்ல ரோடு ரோடா சுத்தி முன்னாடி போலீஸ் இருக்குன்னு மெம்பர்களுக்கு எச்சரிக்கை குடுப்பாங்க. 1910-ல கோர்ட் இது போலீஸ் வேலைக்கு இடைஞ்சல்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. உடனே ஏஏ ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, வழக்கமா மெம்பர் காரைப் பார்த்தா அவங்க ஆள் சல்யூட் அடிப்பார், முன்னாடி போலீஸ் இருந்தா சல்யூட் அடிக்க மாட்டார். சல்யூட் அடிக்கலையா, நிறுத்தி ஏன்னு கேளுன்னு மெம்பருக்கு சொல்லி வெச்சிருந்தாங்க. சல்யூட் அடிக்காததுக்கு யார் மேல கேஸ் போட முடியும்! ஆக நூறு வருஷம் முன்னாடி ரோட்டோரம் நின்ன ஆட்கள் ஓட்டுறவனை போலீஸ்கிட்ட இருந்து காப்பாத்த நின்னாங்க, இப்ப நிக்கிறவங்க போலீஸுக்காக நிக்கிறாங்க.

நடுவுல 1930-ல காருக்கு வேக லிமிட்டே வேண்டாம்னு எடுத்துட்டாங்க. 1934-ல மட்டும் ரோட்ல 7,300 பேருக்கு மேல செத்தாங்க, அப்ப மொத்தமே இருபத்தஞ்சு லட்சம் வண்டி கிட்டதான் இருந்துச்சு. 1935 மார்ச் 18-ல ஊர்ப் பகுதிக்கு 30 மைல் வந்துச்சு. இப்ப வண்டி எத்தனையோ மடங்கு, சாவு வருஷத்துக்கு 1,600 சொச்சம், அதுல பாதிக்கு மேல கிராமப்புற ரோட்லதான், மோட்டார்வேல இல்ல.

இப்ப அந்த மஞ்சள் ஜாக்கெட் குழு என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து 43 போலீஸ் படை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் விதி கொஞ்சம் கொஞ்சம் மாறும், ஆனா அடிப்படை ஒண்ணுதான். குறைஞ்சது ரெண்டு மூணு பேர் இருக்கணும். ஒருத்தர் ரேடார் கன்னைப் பிடிச்சு வேகத்தைச் சத்தமா சொல்வார், ஒருத்தர் நம்பர் பிளேட்டைப் படிப்பார், ஒருத்தர் எழுதுவார், நேரம், நம்பர், கம்பெனி, மாடல், கலர், வேகம். ஒளிஞ்சு நிக்கக் கூடாது, ஓட்டுறவங்க கண்ணுக்குத் தெரியற மாதிரிதான் நிக்கணும், பகல் வெளிச்சத்துல மட்டும், மழை மூடுபனின்னா கிடையாது. ஒரு தடவை நின்னா ஒரு மணி நேரம் மாதிரி. கருவி பெரும்பாலும் பாரிஷ் கவுன்சில் காசுல வாங்கினது, இல்ல பக்கத்து ஊரோட சேர்ந்து மாத்தி மாத்தி வெச்சுக்குவாங்க, இல்ல போலீஸே குடுக்கும்.

கலர் எதுக்குன்னு கேக்கலாம். யாரோ ஒருத்தர் எட்டுன்னு படிச்சது பி-யா இருக்கலாம், அந்த நம்பரைப் போலீஸ் கம்ப்யூட்டர்ல போட்டா நீல ஃபோர்டுன்னு வருது, பேப்பர்ல சிவப்பு வாக்ஸ்ஹால்னு இருக்கு, அப்ப அந்த என்ட்ரியைத் தூக்கிப் போட்டுடுவாங்க. ஓனர் பேரும் அட்ரஸும் வண்டி ரெஜிஸ்டர் வெச்சிருக்கிற டிவிஎல்ஏ ரெக்கார்ட்ல இருந்து போலீஸுக்கு மட்டும்தான் தெரியும், எழுதிக் குடுத்த பெரியவருக்குத் தெரியாது. இது முக்கியம், ஏன்னா இல்லாட்டி அடுத்த நாள் பப்ல அதுதான் பேச்சா இருக்கும்.

31-ல போனா எழுத மாட்டாங்க. லிமிட்ல பத்து சதவீதம், அதோட ரெண்டு மைல், அப்ப 30-க்கு 35, 20-க்கு 24, 40-க்கு 46. போலீஸ் நடவடிக்கை எடுக்கறப்ப வழக்கமா பார்க்கற கோடும் அதுதான். இதுல ஓட்டுறவங்களுக்கு சாதகமா இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. ரேடார் கன் வண்டிக்கு நேர் எதிர்ல இல்லாம ரோட்டோரத்துல சாய்வா இருக்கிறதால காட்டுற வேகம் உண்மையை விட துளி குறைவாத்தான் வரும், கூட வராது. அப்புறம் கார் ஸ்பீடோமீட்டர் சட்டப்படி குறைச்சுக் காட்டவே கூடாது, பொதுவா கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அதனால லெட்டர்ல 38-ன்னு இருந்தா அந்த நேரத்துல டயல்ல முள்ளு 39, 40-ல இருந்திருக்கும். "நான் 32-லதான் வந்தேன்"னு என் ஃப்ரெண்ட் சொன்னப்ப நான் ஒண்ணும் சொல்லல.

ஏன் இதை வெச்சு ஃபைன் போட முடியாது? கோர்ட்ல நிக்கணும்னா கருவி அரசாங்க அங்கீகாரம் வாங்கின மாடலா இருக்கணும், அதை இயக்கினவங்க, அளந்த விதம் எல்லாத்துக்கும் தனி நடைமுறை இருக்கு. ஒரே ஒருத்தர் "இந்த வண்டி வேகமா போச்சு, என் கண்ணால பார்த்தேன்"னு சொன்னா மட்டும் தண்டனை குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. ஊர்க்காரங்க கைல இருக்கிற கன் அந்த தரத்துக்கு வாங்கினது இல்ல, தேவையும் இல்ல, அவங்க வேலை கேஸ் போடறது இல்லையே. நிஜமான நோட்டீஸ்னா பொதுவா 14 நாளைக்குள்ள வரும், ஓட்டுனது யாருன்னு பதில் சொல்லியே ஆகணும், 100 பவுண்டு, 3 பாயிண்ட், இல்ல வேகத்தைப் பத்தின கோர்ஸ்ல உக்காரணும். இந்த லெட்டர்ல அதெல்லாம் இருக்காது. ஆனா போலீஸ் கம்ப்யூட்டர்ல அந்த நம்பர் பதிவாயிடும். ரெண்டாவது தடவை மாட்டினா லெட்டரோட தொனி மாறும், அதுக்கு மேலயும் தொடர்ந்தா சில இடங்கள்ல போலீஸ்காரரே வீட்டுக் கதவைத் தட்டுவார், இல்ல நிஜ கருவியோட அதே ரோட்ல அதே நேரத்துல வந்து நிப்பாங்க.

என்னைக் கேட்டா லெட்டரை விட பெரிய விஷயம் அந்த ஷீட்தான். "எங்க ரோட்ல எல்லாரும் பறக்கறாங்க"ன்னு சொன்னா கவுன்சில்ல தலையாட்டிட்டு அடுத்த சப்ஜெக்ட்டுக்குப் போயிடுவாங்க. "செவ்வாய்க்கிழமை காலை எட்டு டு ஒன்பது இத்தனை வண்டி போச்சு, அதுல இத்தனை 35-க்கு மேல, ஒண்ணு 52"ன்னு ஆறு மாச பேப்பரை மேஜை மேல வெச்சா பேச்சே வேற. போலீஸ் வேனை எந்த ஊருக்கு எந்த நேரத்துல அனுப்பறதுன்னு முடிவு பண்றவங்களுக்கும் இது உதவும். அதிகாரம் இல்லாதவங்க கைல கணக்கு சேர்றதுதான் இதோட நிஜ பலம், ரோட்ல நின்னு பயமுறுத்தறது ரெண்டாவதுதான்.

கணக்கு அவங்களுக்கே எதிராவும் திரும்பும். குறுகலான ரோட்ல, வீட்டு ஜன்னலுக்கு ஒட்டி, சைலன்சர் சத்தத்தோட ஒரு வண்டி 28-ல போனாலே உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு 50 மாதிரி கேக்கும். ரோட்டுக்குக் குறுக்க ரப்பர் ட்யூப் போட்டு ஒரு வாரம் அளந்து பார்த்தா பெரும்பாலான வண்டி லிமிட்டுக்குள்ளதான் போகுதுன்னு வரலாம், மீட்டிங்ல ரெண்டு பேர் முகம் தொங்கிப் போகும். ஆனா பொதுவான நிலவரம் அப்படி இல்ல, அரசாங்கமே தடை எதுவும் இல்லாத 30 மைல் ரோடுகள்ல அளந்து வருஷா வருஷம் வெளியிடுது, கிட்டத்தட்ட பாதி கார் 30-ஐத் தாண்டித்தான் போகுது.

அதை விட சங்கடம், வெளியூர்க்காரன் வந்து பறக்கறான்னு சொல்லி ஆரம்பிச்ச குழுவோட பேப்பர்ல பக்கத்து தெருக்காரங்க நம்பர் வர்றது. ஸ்பீட்வாட்ச்ல நின்னவங்க அடிக்கடி சொல்ற விஷயம் இது, ஒரு சிலர் தன் சொந்த வீட்டு காரையே எழுத வேண்டி வந்த கதையும் உண்டு. வளைவு எங்க, பள்ளம் எங்கன்னு ரோடு மனப்பாடமா தெரிஞ்சவன்தான் தைரியமா மிதிக்கறான், வெளியூர்க்காரன் வழி காட்டுற சாட்னாவ் பார்த்து தயங்கித் தயங்கி வருவான்.

திட்டும் நிறைய வாங்குவாங்க. ஹாரன், விரல் சைகை, வேற வேலை இல்லையான்னு கத்தல், போட்டுக் குடுக்கறவன்னு பேரு. பதில் பேசக் கூடாது, பிரச்சினை பெருசானா மூட்டை கட்டிட்டு கிளம்பணும்னு ட்ரெயினிங்லயே சொல்லிடுவாங்க. கருவி கிடைக்காத சில ஊர்ல ஹேர் ட்ரையரை ரேடார் கன் மாதிரி நீட்டிகிட்டு நின்னதாவும், அட்டையில போலீஸ்காரர் உருவம் வெட்டி நிறுத்தினதாவும் செய்தி வந்திருக்கு, அதுக்கும் வண்டிகள் மெதுவாச்சுன்னு சொன்னாங்க, நம்பறேன்.

எனக்கு இதுல ஒரு கடுப்பும் இருக்கு. போலீஸ்ல ட்ராஃபிக் பிரிவுக்கு ஆள் போதலன்னு எல்லாரும் சொல்றாங்க, அந்த ஓட்டையை எழுபது வயசு ஆளுங்க குளிர்ல ஓசியில நின்னு அடைக்கறாங்க, அப்புறம் "சமூகமே முன்வந்து"ன்னு ஒரு பாராட்டு. ரோட்டைக் குறுக்கி, நடுவுல திட்டு வெச்சு, வேகமா போகவே தோணாத மாதிரி மாத்திட்டா யாரும் நிக்க வேண்டியதில்லை, ஆனா அதுக்கு கவுன்ட்டி காசு குடுக்கணும், வரிசையில எத்தனையோ ஊர் நிக்குது. ரிட்டயர் ஆனவங்க நிறைய இருக்கிற, ஃபார்ம் நிரப்பத் தெரிஞ்ச, வசதியான கிராமத்துல குழு ஈஸியா அமையும், ரெண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கிறவங்க இருக்கிற ஹவுசிங் எஸ்டேட் குடியிருப்புல யார் செவ்வாய்க்கிழமை காலைல வந்து நிக்கறது?

ஃப்ரெண்ட் கடைசியா லெட்டரை கிழிக்கல, காரோட பேப்பர்ஸ் இருக்கிற ஃபைல்ல வெச்சிருக்கான். "ஆனா அந்த ரோட்ல ராத்திரி பதினொரு மணிக்கு பசங்க பைக்ல போறதை நீ பார்க்கணும்டா, அதுக்கெல்லாம் லெட்டர் வராதா?"ன்னு கேட்டான். வராது. அந்த நேரத்துல ஜாக்கெட் ஆணியில தொங்கிட்டு இருக்கும், கன் யாரோ ஒருத்தர் வீட்டு அலமாரில சார்ஜ் ஏறிகிட்டு இருக்கும்.